சுரண்டி ஜன்னலில் இருக்கிறது

அன்பு மகள் பிரைடிக்கு உன் அப்பன் டெஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் குளிரில் பிடித்துக்கொள்கிறது, எனக்கு வாயைத் தவிர மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது. நீ அங்கே சௌக்கியம் என்று அம்மா சொல்கிறாள், நான் நம்பவில்லை. போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் 'சரிப்பா, அப்புறம் பேசறேம்பா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், கிழித்துப் போட்டாலும் கிழவன் கடைசியில் என்னதான் எழுதியிருப்பான் என்று ஒட்டிப் பார்க்கத் தோன்றும். அதனால்தான் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு ஆப்பிள் தோட்டத்துக்கு ஓடினவன் இந்த வயசில் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா திருத்தித் தருகிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள், அவள் திருத்தினால் நான் திட்டுவதெல்லாம் மரியாதையாகிவிடும் என்று விரட்டிவிட்டேன். தபாலிலும் போடவில்லை, இத்தாலிக்குப் புறப்படுகிற ஒரு ஆள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். யார் கை என்று உனக்குத் தெரிந்திருக்கும், அதைக் கடைசியில் பேசுவோம்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மலை உச்சி வெள்ளை போர்த்திவிட்டது, காலையில் ஆற்றின் எதிர்க்கரை தெரிவதில்லை, தோட்டங்களில் ஆப்பிள் மரத்துக்குக் கிளை கழிக்கிறார்கள். சனிக்கிழமை கால்பந்தில் நம் ஊர் தோற்றது, அது செய்தி இல்லை, வழக்கம். உன்னை நாலு பேர் படகிலிருந்து இறக்கி, யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் ஏறுகிற மாற்று ஆளாகக் கரையில் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா சொன்ன அன்றைக்கு நேரே கொல்லைக்குப் போய்க் கோடாலியை எடுத்தேன். விறகைப் பிளந்துகொண்டே இருந்தேன், அம்மா வந்து 'போதும் டெஸ், அடுத்த மூணு குளிர்காலத்துக்கு ஆச்சு, வேலியையாவது விட்டு வை' என்றாள், அப்போதுதான் பார்த்தேன், வேலிக்கம்பம் ஒன்றும் இரண்டாகக் கிடந்தது. பின்னே என்ன. பதினோரு வருஷமாக நாட்டுக்காகத் துடுப்பு வலிக்கிறாய். பாரிங்டன் ஏரியில் பள்ளிக்கூடத்துப் பெண்ணாக ஜெயித்ததும் நாட்டு அணிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நர்ஸ் படிப்பு பாதியில் நின்றது, ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நீ இங்கே முழுசாக ஒரு வாரம் இருந்ததில்லை. விலா எலும்பு கீறிக்கொண்டு வந்து படுத்தாயே, தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுவாய், நான் வேண்டுமென்றே மிளகு தூவுகிறேன் என்று என்னைச் சந்தேகப்பட்டாய். அதற்கப்புறமும் எழுந்து போய் ஒலிம்பிக்கில் நாலாவது வந்தாய். நாலாவது வந்தால் என்னம்மா தருவார்கள் என்று கேட்டேன், 'பை நிறைய சட்டை தர்றாங்கப்பா' என்று சிரித்தாய். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், தோளில் தையல் விட்டுவிட்டது. அப்படிப்பட்டவளை ஒரே காலையில், ஆளை அங்கே இங்கே மாற்றி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, நீ கரையில் நில்லு என்று சொன்ன உன் கோச் என் கையில் கிடைத்தால் அவன் மூக்கைப் பிடித்து ஆற்றில் முக்குவேன். நல்லவேளை, அவன் மூக்கு பிடிக்க வசதியான மூக்கு.

இரண்டாவது கோபம் நம் ஊர்ப் படகு கிளப்காரன்கள் மேல். ஜூன் மாதம் இரண்டு பேர் வலிக்கிற புதுப் படகுக்கு உன் பேரை வைத்தார்கள், அதை நான் உனக்குப் படம் பிடித்து அனுப்பினேன், பாதி படத்தில் என் கட்டைவிரல் இருந்தது. நான் அன்றைக்கே சொன்னேன், அவசரப்படாதீங்கடா, உலகப் போட்டிக்கு இன்னும் ஆள் எடுத்து முடியவில்லை, பேரை மட்டும் எழுதுங்கள் என்று. கேட்டால்தானே. தலைவர் கிரேம் பைபஸ் இருக்கிறானே, அவன் பிரைடி என்று எழுதி, அதற்குக் கீழே பொன் எழுத்தில் உலகப் போட்டி அணி என்றும் எழுத வைத்து, படகின் மூக்கில் ஆப்பிள் மதுவை ஊற்றி, கை தட்டி, ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கலும் நடத்திவிட்டான். குலுக்கலில் அவனுக்கே பரிசு விழுந்தது, அதை விடு. இப்போது உன் சேதி வந்ததும் கமிட்டியைக் கூட்டினான். எழுந்து நின்று தொண்டையைக் கனைத்து, 'டெஸ், தப்பா எடுத்துக்காதப்பா. பொண்ணு இப்ப போட்டியில இல்ல. படகுல பேர் இருந்தா வெளியூர்க்காரன் நாலு பேர் சிரிப்பான். சுரண்டிட்டு வேற பேர் எழுதிக்கலாம்னு எல்லாருக்கும் தோணுது' என்றான். எல்லாருக்கும் தோன்றுகிறதாம், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யார் பேர் என்று கேட்டேன். அவன் மச்சான் சால்மன் மீன் பண்ணை வைத்திருக்கிறான் பார், அந்தப் பண்ணையின் பேராம். என் மகள் பேரை எடுத்துவிட்டு மீன் பேரா என்றேன். 'மீன் பேர் இல்ல டெஸ், கம்பெனி பேர்' என்றான். நான் சொன்னேன், 'கிரேம், உன் பேரையே எழுதிக்கோயேன், ஆனா நீ உக்காந்தா இந்தப் படகு தாங்காது, உனக்குப் பாலம்தான் சரி, பாலத்துல எழுதிக்கலாம்' என்று. பக்கத்தில் இருந்த என் பழைய படகுக் கூட்டாளி நோபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உனக்குத் தெரியுமே, சிரித்தால் அவனுக்குப் பல்செட் கழன்றுவிடும், குனிந்து தேட ஆரம்பித்தான், கூட்டம் அதோடு கலைந்தது. ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது, திங்கட்கிழமை சுரண்டுவது என்று.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படகைத் திருடிவிட்டோம். திருட்டு என்று கிரேம் சொல்கிறான், நான் பத்திரப்படுத்தினேன் என்கிறேன். கிளப் சாவி நோபியிடம்தான் இருக்கிறது, அந்தக் கொட்டகைக் கூரையைச் சரி பண்ணுகிறேன் என்று வாங்கினவன் இன்னும் கூரையைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் சர்ச்சில் இருக்கிற நேரமாகப் பார்த்து இரண்டு கிழவன்களும் படகைத் தூக்கித் தண்ணீரில் விட்டோம். விட்டபிறகுதான் தெரிந்தது, நாங்கள் முன்பு ஊருக்காக வலித்த படகு ஆப்பிள் பெட்டி மாதிரி அகலம், இது வெள்ளரிக்காய் மாதிரி ஒல்லி. ஒரு காலை வைத்தால் மறுபக்கம் சாய்கிறது. நோபி ஒரு தடவை விழுந்தான், நான் ஒரு தடவை விழுந்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை விழுந்தோம். உன் அம்மா கரையில் காவலுக்கு நின்றவள், பாவாடையைச் செருகிக்கொண்டு அந்தப் பனித் தண்ணீரில் முட்டியளவு இறங்கி, படகின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற துடுப்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'ஏறுங்கடா முட்டாளுங்களா, என் காலு விறைக்கிறதுக்குள்ள ஏறித் தொலைங்க' என்றாள். அவள் பிடித்ததால் ஏறினோம். பிறகு நம் வீட்டு ஆற்று வளைவு வரைக்கும் வலித்து வந்தோம், போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தானே வலிக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை, இரண்டு தடவை நாணலுக்குள் போனோம், ஒரு வாத்துக் கூட்டம் எங்களைப் பார்த்து ஒதுங்கக்கூட இல்லை, அவ்வளவு வேகம். படகு இப்போது நம் பழைய ஆப்பிள் பெட்டி ஷெட்டில் போர்வைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. கிரேம் வாசலுக்கு வந்து 'டெஸ், படகு எங்க' என்று கேட்டான், சால்மன் விழுங்கிடுச்சு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இவ்வளவு செய்துவிட்டு நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா மெதுவாகச் சொல்கிறாள், நீயே அவளுக்குப் போன் பண்ணி, அந்தப் பேரைச் சுரண்டச் சொல்லு, எனக்கு ஒன்றும் இல்லை, போட்டி வரைக்கும் நிற்க மாட்டேன், டிக்கெட் போட்டுவிட்டேன், அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாயாம். நான் உனக்காக ஆற்றில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன், நீ கிரேம் பக்கம் சாய்கிறாய். சரி, மகளுக்கு மனசு விட்டுப்போச்சு, வரட்டும், அம்மா மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுடுகிற சிப்பி பை சாப்பிட்டு நாலு நாள் தூங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். உன் கட்டிலுக்கு வேறு கம்பளி எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை நான் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கீரா. போன கோடையில் உன்னோடு வந்து நம் வீட்டில் தங்கினாளே, வடகரை ஊர்ப் பெண், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவள், என் சிப்பி பையில் பாதியைத் திருடித் தின்றுவிட்டு நாய் மேல் பழி போட்டவள், அவளேதான். உன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறவளும் அவள்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலில் நான் சரியாகப் பேசவில்லை, 'என்னம்மா, ஜெயிச்ச சேதி சொல்லக் கூப்பிட்டியா' என்று குத்தினேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாள். பெண்பிள்ளைகள் அழுதால் நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், ஆனால் அம்மா கோழிக்குத் தீனி போடப் போயிருந்தாள், நானே கேட்க வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கு ஏரியில் நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது, அவள் சொன்னாள். நாலு பேர் படகு இரண்டை ஓட விட்டு, முடிந்ததும் நடு ஏரியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பிரைடி இந்தப் படகுக்கு, கீரா அந்தப் படகுக்கு என்று கோச் கத்தினானாம். அதுவரைக்கும் யாரை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறான் என்று ஒருத்திக்கும் தெரியாதாம். இடம் காலியாக வேண்டும் என்பதால் கீரா முதலில் எழுந்து கோச்சின் மோட்டார் படகில் ஏறிக்கொண்டாளாம். நீ குறுக்கே கடக்கிறபோது ஈரத்தில் கால் வழுக்கியதாம். 'நான் எட்டி அவங்க மணிக்கட்டைப் புடிச்சேன் டெஸ், இன்னொரு கையால படகைப் புடிச்சுக்கிட்டேன், அவங்க உக்கார்ற வரைக்கும் விடல. விட்டிருந்தா தண்ணிக்குள்ள போயிருப்பாங்க, நனைஞ்சு விறைச்சுப் போய் அடுத்த ஓட்டம் ஓடியிருக்கணும், நான் சுலபமா ஜெயிச்சிருப்பேன். எனக்கு அப்ப அது தோணவே இல்ல' என்றாள். அடுத்த ஓட்டத்தில் அவள் ஏறின படகு முன்னால் வந்தது, நீ ஏறினது பின்னால் போனது, யார் ஏறினால் படகு வேகமோ அவளுக்கு இடம், அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. அன்றையிலிருந்து நீ அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரே அறையில் இரண்டு கட்டில், நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறாயாம். காப்பி போட்டு வைத்தால் குடிக்காமல் ஆற விட்டுப் போகிறாயாம். 'நான் வேணும்னா விலகிக்கிறேன், கோச்கிட்ட முதுகு வலின்னு சொல்லிடறேன், அவங்களே உக்காரட்டும், நீங்க அவங்ககிட்ட சொல்றீங்களா டெஸ்' என்று கேட்கிறாள். இருபத்தோரு வயசு. முதல் உலகப் போட்டி. தூக்கம் இல்லை, துடுப்பு மற்றவர்களோடு சேராமல் பிந்தி விழுகிறதாம்.

இப்போது உன் அப்பனுக்கு வந்த கோபத்தைக் கேள். கோச் மேல் வந்தது கோபமே இல்லை, அது தும்மல். கிரேம் மேல் வந்தது விளையாட்டு. இதுதான் கோபம். விறகு பிளக்கக்கூடப் போகவில்லை, கஞ்சி ஆறிப்போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடியே, தோற்றதற்காக உன்னை நான் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா, கேலி செய்திருப்பேன், அது வேறு. விலா உடைந்து வந்தாய், நாலாவதாக வந்தாய், ஒரு தடவை துடுப்பு தண்ணீரில் சிக்கி எல்லாருக்கும் கடைசியாக வந்தாய், நான் வாசலில் நின்று பெருமையாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் நம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவளை, நீ விழாமல் உன் கையைப் பிடித்தவளை, செய்த நல்லதுக்குத் தண்டனை மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துக் கொல்கிறாயே, இது எந்த வீட்டுப் பழக்கம். என் வீட்டுப் பழக்கம் இல்லை. உன் அம்மா அன்றைக்கு எங்கள் மேல் அவ்வளவு ஆத்திரத்திலும் படகை விடவில்லை, திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். கோபமாக இருந்தால் திட்டு. அந்தப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ என் இடத்தைப் பிடுங்கிட்டேடி, எனக்கு உன் மூஞ்சியைப் பார்க்கவே எரியுது என்று நேராகச் சொல்லு, அவள் அழட்டும், நீயும் அழு, அப்புறம் அந்த ஆறிப்போன காப்பியைக் குடி. பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. உன் வலி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. பதினோரு வருஷம் ஒரு காலையில் போனது போனதுதான், அதை நான் திருப்பி வாங்கித் தர முடியாது, முடிந்தால் வேலி முழுவதையும் பிளந்திருப்பேன். ஆனால் நீ கிளம்பி வந்துவிட்டால் அங்கே மாற்று ஆள் யார். நாலில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் நாலும் கரையில் நிற்கும். அந்தக் கீரா இந்த மனசோடு போய்த் தோற்றால் உனக்கு இனிக்குமா. இனிக்கும் என்றால் சொல்லு, அப்போது வேறு கடிதம் எழுதுகிறேன், அதை அம்மா பார்க்கவே கூடாது.

அவளிடம் நான் சொல்லிவிட்டேன். 'முதுகு வலி கிதுகு வலின்னு பொய் சொன்னா நானே விமானம் ஏறி வந்து நிஜமாவே முதுகை வலிக்க வைப்பேன், இடத்தை வாங்கினவ வலிக்கணும், அதுதான் தோத்தவளுக்குச் செய்யற மரியாதை' என்று. சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு அவள் அம்மா லியான் இத்தாலிக்குப் போட்டி பார்க்கப் புறப்படுகிறாள் என்று சொன்னாள். எனக்கு உடனே ஒரு புத்தி வந்தது. அந்த அம்மாவைப் போனில் பிடித்து, விமானம் ஏறுகிற வழியில் நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கடிதத்தை அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன், உன்னைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அப்படியானால் இப்போது இதைப் படிப்பதற்கு முன்னால் நீ கீராவின் அம்மா முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையாவது நன்றி சொல்லி, கையை நீட்டித்தான் வாங்கியிருக்க வேண்டும். மகளோடு பேசாதவள் அம்மாவோடு பேசிவிட்டாய். பார், வாய் திறக்கிறது, ஒன்றும் உடையவில்லை. அவளிடம் அம்மா ஒரு டின் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறாள், அது இரண்டு பேருக்கும், உனக்கு மட்டும் இல்லை. கணக்காகப் பாதி கொடு.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிக்கெட்டைத் தள்ளிப் போடு. காலையில் அவர்கள் நாலு பேரும் தண்ணீரில் இறங்கும்போது நீயும் துறைக்குப் போ. போட்டி நாளிலும் போ. அவள் ஏறும்போது படகைப் பிடி. ஒரு கையால் பிடித்தால் போதும், மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் உட்கார்ந்து காலைப் படகு வாரில் கட்டிக்கொண்டு சரி என்று சொல்கிற வரைக்கும் விடாதே. அப்புறம் தள்ளி விடு. அதற்கு மேல் ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் பாடு, உன் வேலை முடிந்தது, வீட்டுக்கு வா, நான் ஹோபார்ட் விமான நிலையத்தில் இந்த ஓட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் மானத்தை வாங்குவதற்காகவே நிற்பேன். படகை நாம் இரண்டு பேருமே வலித்துக்கொண்டு போய்க் கிளப்பில் விடலாம், கிரேம் பார்க்கட்டும். கீழே எழுதின அந்த உலகப் போட்டி அணி என்கிற வரியை வேண்டுமானால் அவன் எடுத்துக்கொள்ளட்டும், அது அவன் அவசரப்பட்டு எழுதினது. மேலே இருக்கிற பேர் உன்னுடையது.

அங்கே கோடை என்று விலாவைக் காற்றில் விடாதே, உள்சட்டை போடு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா முத்தம் சொல்கிறாள், நாய் உன் பழைய செருப்பை முழுசாகத் தின்றுவிட்டது, அதன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். உன் கை கால் சுகமாக, உன் மனசு நேராக, ஆறு உன்னை எப்போதும் மேலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம்.

உன் மேல் இன்னும் கோபம் தீராத அப்பன்,
டெஸ்

ஒன்று மறந்துவிட்டேன். பெயின்ட் சுரண்டுகிற தகட்டைத் தீட்டிச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். கிரேமைத் தொட விடவில்லை, யாரையும் விட மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் படகைப் பிடிக்காமல் நீ வீடு வந்து சேர்ந்தாயானால், ஷெட்டுக்குப் போய் போர்வையை விலக்கி நானே என் கையால் சுரண்டுவேன். அம்மா தகட்டை இரண்டு தடவை ஒளித்து வைத்தாள், இரண்டு தடவையும் கண்டுபிடித்து அதே ஜன்னலில் வைத்துவிட்டேன்.